அசையாத கை

கயிறு கையில் வழுக்கிக்கொண்டு போனது, போனது, பிறகு நின்றது. நின்றதும் எஸ்தாக்கி முதல் ஜெபத்தைத் தொடங்கினான். வாயைத் திறந்தால் மீசையில் மூச்சு உறைந்து குத்தும், அதனால் மனசுக்குள்ளேயே. மாதாவை நோக்கிச் சொல்லும் அந்தச் சின்ன ஜெபம்தான் அவர்களுக்குக் கடிகாரம். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்கப் போகிற தோணிகளில் கயிறு பிடிப்பவன் அதைச் சொல்லிச் சொல்லித்தான் கீழே போனவனின் மூச்சை அளப்பான். ஊர்த் தண்ணீரில் அக்காள் புருசன் கயித்தான் மச்சானுக்கு ஆறு ஜெபம். ஆறு முடிந்து ஏழு தொடங்கும்போது கயிறு வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் இழுபடும், எஸ்தாக்கி இழுப்பான், தலை மேலே வரும், மூக்கைச் சிந்திவிட்டு, என்னல மாப்ள, தூங்கிட்டியா என்பார். இந்தத் தண்ணீரில் மூன்றுதான். ஆறு நாளாக அவர் இறங்கிக்கொண்டிருக்கிறார், ஒரு முறைகூட மூன்றைத் தாண்டியதில்லை. மூன்று முடிவதற்குள் கயிறு வெட்டும், இழுத்தால் உதடெல்லாம் கறுத்து, சிரிப்பு இல்லாமல் வருவார். மூன்றுதான், மறந்துவிடாதே, மூன்று, என்று தனக்கே சொல்லிக்கொண்டதில் முதல் ஜெபத்தின் பாதியில் இடறி, மறுபடி தொடக்கத்துக்கே போக வேண்டியதாயிற்று. அப்படியானால் இப்போது ஒன்று முடிவதை ஒன்றரை என்று வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டான்.

காலடியில் கிணறு. அப்படித்தான் அவர்கள் இருவரும் அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். உறைந்த கடலின் மேல், கப்பலின் பின்பக்கத்தை ஒட்டி, கோடரியும் ரம்பமும் வைத்து வெட்டிய சதுர ஓட்டை. ராத்திரி மூடிக்கொள்ளும், காலையில் மறுபடி வெட்டுவார்கள். உள்ளே தண்ணீர் கறுப்பாக, எண்ணெய் மாதிரி கனத்துக் கிடக்கும். மேலே எங்கு பார்த்தாலும் வெள்ளை. மரம் இல்லை, மண் இல்லை, ஒரு காக்காய் இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள் மாதிரி நிமிர்ந்து நடக்கிற பறவைகள் சில வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான் அக்கம்பக்கம். ஏழு மாதமாகக் கப்பல் இந்தப் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பூமியின் தெற்கு முனைக்கு இதுவரை மனுசன் போனதில்லையாம், போய்க் கொடி நட வேண்டுமாம், அதற்காகக் கிளம்பிய கப்பல். கொடி நட்டால் என்ன கிடைக்கும் என்று எஸ்தாக்கி கேட்டதற்குக் கயித்தான் மச்சான், கொடிமரத்துக்கு நேர்ச்சை இருக்கும்ல, நமக்கென்ன தெரியும் என்றார். போன வாரம் பனிக்கட்டி ஒரு நெருக்கு நெருக்கியதில் கப்பலின் அடிமரத்தில் பலகை பிரிந்துகொண்டது. அன்றிலிருந்து முப்பது பேரும் முறை போட்டுத் தண்ணீர் இறைக்கிறார்கள். டொக், டொக் என்று பம்பு அடிக்கிற சத்தம் காலுக்குக் கீழே பனிக்கட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது நின்றால் கப்பல் போயிற்று, கப்பல் போனால் முப்பது பேரும் போயிற்று. தேடி வர ஆள் இல்லை, இங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. இதைத் தடுக்கத்தான் கயித்தான் கீழே போயிருக்கிறார், தார் தோய்த்த துணியை ஓட்டையில் திணித்து, மேலே பலகை வைத்து, ஆப்பு அடிக்க. இன்னும் ஓர் ஆப்புதான் பாக்கி. இறங்கும்போது ஒரு விரலைக் காட்டினார். ஒன்று. இல்லை, அது ஜெபத்தின் ஒன்று இல்லை, ஆப்பின் ஒன்று. ஜெபம் ஒன்றரை முடிந்து இப்போது எங்கே நிற்கிறது. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, அங்கேதான் நிற்கிறது, சரி.

தண்ணீருக்கடியில் இறங்குவதற்கென்று இரும்புக் குல்லாயும் ரப்பர் சட்டையும் கப்பலில் இருந்தன. குளிரில் ரப்பர் அப்பளமாக நொறுங்கிவிட்டது. கப்பலுக்குத் தலைவரான கப்பித்தான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பாவம், நல்ல மனுசன், முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு பேரையும் கொழும்பில் கப்பலில் ஏற்றியதே பாசி சுரண்டவும், அடியில் சின்னச் சின்ன வேலைக்கும்தான், வெதுவெதுப்பான கடல்களில். இந்தத் தண்ணீரில் வெறும் உடம்போடு இறங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் சொல்லாமலே கயித்தான் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். கடல்நாய்க் கொழுப்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு, கம்பளி உள்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, சிலுவை போட்டார். எஸ்தாக்கி அவர் கையைப் பிடித்தான். மச்சான், வேண்டாம் என்றான். அதற்கு அவர், பனிமய மாதா கோயில்ல ஞானஸ்நானம் வாங்கின ஆளு நான், அவ பேருலயே பனி இருக்கு, அவ வீட்டு முத்தத்துல எனக்கு என்ன வந்துரும் என்றார். ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் காதைப் பொத்திக்கொண்டு முதல் பூசைக்குப் போவது. ஆகஸ்டு மாத வெயிலில் தேர் இழுத்துக்கொண்டே பனி பனி என்று பாடியவர்கள் அவர்கள். அது இப்படிக் கத்தி மாதிரி இருக்கும் என்று எந்தச் சாமியாராவது சொன்னாரா. சாமியாருக்கும் தெரிந்திருக்காது. முதல் நாள் மேலே வந்தபோது மச்சானின் உடம்பு அரை மணி நேரம் தூக்கித் தூக்கிப் போட்டது. பல் அடித்துக்கொண்டதில் நாக்கைக் கடித்து ரத்தம். கம்பளிக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தவன் எஸ்தாக்கிதான். அடுத்த நாளும் அவர் இறங்கினார். அதற்கு அடுத்த நாளும். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எஸ்தாக்கிக்குப் புரியவே இல்லை, பயப்படாத ஆள் இல்லை அவர், ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் கால் பெருவிரல் நடுங்குவதை இவன் பார்த்திருக்கிறான்.

கயிறு பேசாமல் இருக்கிறது. நல்லது, அவர் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு முடிந்தது. கயிற்றை எஸ்தாக்கி பிடிக்கிற விதமே தனி. இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, இறுக்காமல், தளர்த்தாமல், அசையாமல். கை அசைந்தால் கீழே இருக்கிறவனின் இழுப்பு அந்த அசைவில் கரைந்துபோகும், அதனால் கயிறு பிடிப்பவன் கல்லாக நிற்க வேண்டும், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும். ஊரில் அவனைக் கல்லுக்கை எஸ்தாக்கி என்பார்கள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. அவனும் ஒரு காலத்தில் பதறுகிற கைதான். அக்கா மதலேனாளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் முத்துக்குளிப்புச் சிலாபம், தோணியில் எஸ்தாக்கி கையில் முதல்முதலாக மச்சானின் கயிறு. அது அவர்கள் வழக்கம்: குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அவனோடு கூடப்பிறந்தவனாக இருந்தாலும் வேறு ஒருத்தன் தொடக்கூடாது. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரும், சிநேகிதனுக்குக் கண் வேறெங்காவது போகும், தன் அக்காள் தாலியைக் கையில் பிடித்திருக்கிறவன் மட்டும் கவனமாகத்தான் இருப்பான் என்று எந்தக் காலத்திலோ எவனோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அந்த முதல் சிலாபத்தில் கீழே கறுப்பாக ஒரு நிழல் போனது. சுறா என்று நினைத்து எஸ்தாக்கி மளமளவென்று இழுத்துவிட்டான். வந்தது மச்சானும், கிழிந்த பையும். சிப்பியெல்லாம் கொட்டிப்போயிற்று. நிழல் வெறும் திருக்கை. தோணியே சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கரையில் வலை காயப்போட்ட இடத்தில் வைத்துச் சொன்னார், உன் கை என் கைதான் மாப்ள, என் கை எனக்குத் தெரியாம அசையலாமா, நான் கேக்காம இழுக்கக் கூடாது, மாதா மேல ஆணை வை. வைத்தான். பதினோரு வருஷம் ஆகிறது. கேட்காமல் ஒரு நாளும் இழுத்ததில்லை, கேட்டு ஒரு நாளும் இழுக்காமல் இருந்ததில்லை.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஒலாவ் குனிந்தான். ஒலாவ் என்பவன் மஞ்சள் தாடிக்காரன், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் பனிக்கட்டி பார்த்துப் பழகியவன். வெந்நீர்க் கெண்டியும் கம்பளியும் வைத்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. குனிந்தவன் அவனுடைய பாஷையில் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே, கிணற்றின் விளிம்பில் கயிறு மடங்கி இறங்குகிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோனான். எஸ்தாக்கிக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு கையை எடுக்க முடியாது, எடுத்தால் கயிறு அசையும். காலால் அவன் கையைத் தட்டிவிட்டான். தொடாத என்றான் தமிழில். நேற்றும் இப்படித்தான் இவன் கயிற்றைப் பிடித்து லேசாக ஆட்டப் பார்த்தான், நேற்றும் முறைத்து அனுப்ப வேண்டியிருந்தது. நல்ல மனசுதான், மச்சானுக்குத் தன் கையுறையையே கழற்றிக் கொடுத்தவன், ஆனால் யார் கயிற்றை யார் தொடுவது, விவஸ்தை வேண்டாமா. ஒலாவ் நிமிர்ந்து, அந்த வார்த்தையையே இன்னொரு தரம் சொன்னான், கெஞ்சுகிற மாதிரி. எஸ்தாக்கி அவன் பக்கம் திரும்பவில்லை. கயிறு கையில் அசையாமல் இருந்தது, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிச்சலனத்தை அவன் கையில் அறிந்ததில்லை, கயிறே தன் விரலாகிவிட்ட மாதிரி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்று காற்று இல்லை, அதனால்தான். முந்தின நாட்களில் காற்று அடித்து அடித்துக் கயிறு ஆடிக்கொண்டே இருந்தது. இன்று வானம் துடைத்த மாதிரி நீலம், குளிர் மட்டும் நேற்றையும் முந்தாநாளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது, துப்பினால் எச்சில் கீழே விழும்போது டிக்கென்று சத்தம் கேட்கிறது. சரி, ஜெபம். எத்தனை.

எத்தனை. இரண்டு முடிந்தது என்று நினைத்தான், அது தோணியில் சிரித்தார்களே அதற்கு முன்னால். அதற்குப் பிறகு ஒன்று சொன்னானா, இல்லை மச்சானிடம் வைத்த ஆணையை நினைத்துக்கொண்டே உதடு மட்டும் ஓடியதா. மூன்றாவதாக இருக்கும். மூன்றாவதின் நடுவாக இருக்கும். ஒலாவ் குறுக்கே வராமல் இருந்திருந்தால் கணக்கு தப்பியிருக்காது. பயப்படாதே, கணக்கு தப்பினால் என்ன, கணக்குச் சொல்வது உனக்காக, கூப்பிடுவது அவர். அவருக்குத் தெரியும் தன் மூச்சு. அவர் இழுப்பார், நீ இழுப்பாய், அவ்வளவுதானே வேலை. பம்பு டொக் டொக் என்கிறது. அந்த டொக் டொக்கில் ஆப்பு அடிக்கிற சத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிப் பார்த்தான். இருந்த மாதிரி இருந்தது, நின்ற மாதிரியும் இருந்தது. அக்கா துறைமுகத்துக்கு வந்திருந்தாள், கொழும்புக்குக் கப்பல் ஏறிய அன்று. அழவில்லை அவள், அழுகிற ஜாதி இல்லை. மூன்று வருஷமாகக் கடலடிப் பாரில் சிப்பி இல்லை, சிலாபம் இல்லை, ஊரில் இருந்து என்ன செய்வீங்க, போயிட்டு வாங்க என்றாள். மச்சானின் தோளில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டினாள். அப்புறம் எஸ்தாக்கியிடம் வந்து, அவன் இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தாள், மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரு வெளையாட்டாளு தம்பி, நீதான் என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நீதான். அந்த ஊரில் குளிக்கப் போனவன் திரும்பாவிட்டால், கரையில் பெண்டாட்டி கயிறு பிடித்தவனைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இழுத்தாரா. இழுக்கவில்லை என்றால் அது கடலின் காரியம், மாதாவின் சித்தம், அக்காளும் தம்பியும் கட்டிக்கொண்டு அழலாம். இழுத்தார், நான் இழுக்கவில்லை என்றால் அதோடு சரி. அந்த வீட்டில் அவனுக்குத் தண்ணீர் இல்லை. பிறந்த பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை. அப்படி ஓர் ஆள் மேலத்தெருவில் இருந்தான், எஸ்தாக்கி பார்த்திருக்கிறான், அக்காள் வீட்டு வழியாகப் போகாமல் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவான், முப்பது வருஷம் அப்படியே போனான்.

ஏன் இதையெல்லாம் இப்போது நினைக்க வேண்டும். வாயைக் கழுவு எஸ்தாக்கி. நான்கு ஆகியிருக்குமோ. நான்கு ஆகியிருக்க முடியாது, நான்கு என்றால் மூன்று தாண்டியாயிற்று, மூன்று தாண்டியிருந்தால் அவர் இழுத்திருப்பார், அவர் இழுக்கவில்லை, ஆகவே நான்கு ஆகவில்லை. அந்த நியாயம் அவனுக்கே பிடித்திருந்தது, இரண்டு தரம் சொல்லிக்கொண்டான், இரண்டாம் தரம் சொல்லும்போது அது பிடிக்காமல் போயிற்று. கடைசி ஆப்பு, அதனால் நேரமாகிறது. ஒரேயடியாக முடித்துவிட்டு வருவோம், இன்னொரு தரம் இறங்க வேண்டாம் என்று நினைத்திருப்பார், யார்தான் நினைக்கமாட்டார்கள். இப்போது போய் இழுத்தால் கையில் இருக்கிற ஆப்பு போகும், சம்மட்டி போகும், ஆறு நாள் பட்ட பாடு போகும், அந்தத் தண்ணீரில் அவர் மறுபடி இறங்க வேண்டும், என்னால் இறங்க வேண்டும், ஆணை வைத்தவன் நான். இழுக்காவிட்டால். இழுக்காவிட்டால் என்ன, அவர் கேட்கவில்லையே. கேட்கவில்லை. கை சொல்லுகிறது கேட்கவில்லை என்று, பதினோரு வருஷத்தில் இந்தக் கை பொய் சொன்னதில்லை. கண்ணை மூடிக் கையை மட்டும் கேட்டான். ஒன்றும் இல்லை. ஒரு துடிப்பு, ஒரு உரசல், தண்ணீர் கயிற்றை வருடுகிற அந்தச் சின்ன நமநமப்பு, அதுகூட இல்லை. அதுகூட இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தண்ணீரில் தொங்குகிற கயிற்றில் அதுகூட இல்லாமல் எப்படி இருக்கும். செத்த பாம்பைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது கையில்.  மாதாவே, ஆணையை மன்னிச்சுக்கோ என்று சொல்லி எஸ்தாக்கி இழுத்தான்.

கயிறு வரவில்லை. கீழே எங்கோ மாட்டிக்கொண்டது, கப்பலின் அடிமரத்தில் சுற்றிக்கொண்டது என்று நினைத்துப் பலம் கொண்ட மட்டும் பின்னால் சாய்ந்து இழுத்தான். வரவில்லை. அப்போது ஒலாவ் அவனைத் தள்ளிவிட்டுக் கிணற்று விளிம்பில் முழங்காலிட்டான், கெண்டித் தண்ணீரைக் கொட்டினான், பூட்ஸ் காலால் உதைத்தான். எஸ்தாக்கி பார்த்தான். தன் பாதத்திலிருந்து இரண்டு சாண் தூரத்தில், கயிறு விளிம்பில் மடங்குகிற இடத்தில், அது பனிக்கட்டியோடு பனிக்கட்டியாக ஒட்டிப் போயிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய்த் தும்புக் கயிறு, ஆறு நாளாக நனைந்து நனைந்து தண்ணீர் குடித்து ஊறிய கயிறு, அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால் இந்தக் குளிரில் எவ்வளவு நேரம் ஆகும். ஒரு ஜெபம் ஆகும். ஒலாவ் அதைத்தான் ஆட்டப் பார்த்தான். நேற்றும் ஆட்டப் பார்த்தான். ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டிய கயிற்றை இவன் கல்லாக நின்று பிடித்திருக்கிறான். இத்தனை நேரமும் இவன் பிடித்திருந்தது இரண்டு சாண் கயிற்றை, மிச்சக் கயிறு இவனுக்கு இல்லாமலே போய்விட்டது. எஸ்தாக்கியும் குதிகாலால் உதைத்தான், மிருகம் மாதிரி உதைத்தான். பட்டென்று விட்டது. விட்டதும் கயிற்றுக்கு உயிர் வந்தது, தண்ணீரின் நமநமப்பு கைக்கு வந்தது, ஆனால் அதில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். யார் கயிற்றை யார் தொடுவது என்பதெல்லாம் எங்கே போயிற்றோ.

தலை வந்தது, தோள் வந்தது. கம்பளியில் சுற்றிப் போட்டு முதுகில் அடித்தபோது தண்ணீர் கக்கினார், மூச்சு சர்ரென்று உள்ளே போனது. உயிரோடு இருந்தார். எஸ்தாக்கிக்குச் சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அந்தக் கறுத்த முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். கயித்தான் கண்ணைத் திறந்தார்.

"ஓட்டை அடச்சாச்சு மாப்ள" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, "நாலு தரம் இழுத்தேம்லா" என்றார்.

 எஸ்தாக்கியின் கண் தானாகக் கிணற்று விளிம்புக்குப் போயிற்று. பனிக்கட்டியில் கயிறு பிய்ந்த இடத்தில் தும்பு மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. கயித்தானும் அங்கே பார்த்தார். கயிற்றோடு பிறந்து கயிற்றோடு வளர்ந்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓ என்றார், அவ்வளவுதான்.

அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கப்பலில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். கப்பல் டாக்டர் ஈரச் சட்டையைக் கத்தரித்து எடுத்தார், பிராந்தி புகட்டினார், கப்பித்தானே உட்கார்ந்து காலைத் தேய்த்தார். மேல்தட்டில் பம்பு அடிக்கிறவர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், தண்ணீர் இறங்குகிறது என்று. முப்பது பேருக்கு உயிர் வந்துவிட்டது. கயித்தானின் உடம்பு முதலில் தூக்கித் தூக்கிப் போட்டது, பிறகு நடுக்கம் அடங்கியது. அப்பாடா, அடங்கிவிட்டது என்று எஸ்தாக்கி நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தான். டாக்டர் சந்தோஷப்படவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கப்பித்தானிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், கப்பித்தான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, நிறுத்தியது தப்போ என்று மறுபடி தேய்த்தார். அது எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, எஸ்தாக்கிக்குப் புரிந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மச்சானின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

"மாப்ள."

"இங்கதான் இருக்கேன் மச்சான்."

"நான் இழுக்கல."

"என்ன மச்சான் சொல்லுதீங்க."

"நான் இழுக்கல. கை வெறச்சுப் போச்சு. கயிறு எங்க இருக்குன்னே தெரியல. இழுத்திருந்தா நீ விட்டிருப்பியா?"

"நீங்க இழுத்தீங்க மச்சான். நான்தான், கயிறு அங்க ஒட்டி…"

"ஏலே, சொல்லுதத கேளு." குரல் தேய்ந்திருந்தது, ஆனால் தோணியில் ஏவுகிற குரல்தான். "உங்கக்கா கேப்பா. கப்பல விட்டு நீ எறங்கினதும் கேப்பா. என்ன சொல்லுவ?"

எஸ்தாக்கி தலை குனிந்துகொண்டான். இவர் சாகிற நேரத்தில் தன் பெண்டாட்டிக்குத் தம்பியை மிச்சம் வைக்கப் பார்க்கிறார் என்பது அவனுக்குப் புரிந்தது. இந்த மனுசனைத்தான் கொன்றேன், இந்த மனுசனை, என்று உள்ளே ஓடியது. அவர் விரல் அவன் உள்ளங்கையில் லேசாக இரண்டு தரம் வெட்டியது.

"சொல்லு."

"மச்சான் இழுக்கலக்கா" என்றான் தரையைப் பார்த்து.

"முழியக் கீழ போடாத. அவ முழியத்தான் பாப்பா. என்னப் பாத்துச் சொல்லு."

எஸ்தாக்கி அவரைப் பார்த்தான். உதட்டில் கொழுப்பு அப்பியிருந்தது, அதைத் தன் கட்டைவிரலால் துடைத்துவிட்டான். மச்சான் இழுக்கலக்கா என்று சொன்னான். குரல் உடைந்துவிட்டது.

"ம். நம்ப மாட்டா. இன்னொரு தரம்."

சொன்னான். இந்த முறை குரல் நின்றது. கண்ணைத் தாழ்த்தாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அக்காவே எதிரே நிற்கிற மாதிரி, மச்சான் இழுக்கவே இல்லக்கா என்று முழுசாகச் சொல்லி முடித்தான். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. அவர் இன்னொரு தரம் கேட்பார் என்று காத்திருந்தான். டாக்டர் கையை நீட்டிக் கயித்தானின் கண்களை மூடினார். எஸ்தாக்கி நாலாவது தரமும் சொன்னான்.